ஏழாம் இடத்துத் தப்பு

லாகரிதம் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. புரட்டுவார்கள், ஒரு வரியில் விரலை வைப்பார்கள், வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். கப்பல்காரரும் அப்படித்தான், நிலம் அளப்பவரும் அப்படித்தான், பாலம் கட்டுகிற பொறியாளரும் அப்படித்தான். அந்த மாதிரிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு எண் விடாமல் படித்த பிறவி ஒருத்தி உண்டு. அவள் அந்த அட்டவணை அச்சகத்தின் சரிபார்ப்பாளர். கீழே அச்சுக் கோர்க்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஏழாமிடம். அவர்கள் அச்சிடும் அட்டவணை தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம் வரை போகும். ஆறு இலக்கம் வரை உலகத்தில் யாருக்கும் யாரோடும் தகராறு வராது. அந்த ஏழாவது இலக்கத்துக்காக இவள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து குடுமிப்பிடிச் சண்டை போடுவாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கணக்கு மேலே, அச்சு கீழே. மாடி அறையின் இரண்டு மூலைகளில் இரண்டு கணக்கர்கள் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாது. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அது அட்டவணைக்காரரின் மேஜைக்குப் போகும். அட்டவணைக்காரர் என்றால் முதலாளி. அச்சகமும் அவருடையது, கணக்கும் அவருடையது, அட்டையில் இருக்கும் பெயரும் அவருடையது. கடைசிப் படியை அவரே தன் கைப்பட முத்து முத்தாக எழுதுவார். அது கீழே போய், ஈய எழுத்தில் ஏறி, புரூஃபாக மாடிக்குத் திரும்பி வரும்போது ஏழாமிடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

அச்சுக் கோர்க்கிற கம்பாசிட்டர் அவளுடைய கணவன். புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் படியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் புரூஃபில் கண்ணை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் வாசித்தான், அவள் பார்த்தாள். மூணு, ஏழு, சைபர், சைபர், நாலு என்று ஒருத்தன் மாதக்கணக்கில் ஒப்பிப்பதைக் கேட்டு ஒருத்திக்கு அவன்மேல் மனசு போகும் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் போனது. அவன் குரலில் எட்டு என்ற எண்ணுக்கு மட்டும் ஒரு தனிச் சிரிப்பு இருந்ததாக அவள் சொல்வாள். அவன் அதை இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் வாசிப்பது அவன், திருத்துவது அவள். "மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள்..." என்று அவன் யாரிடமாவது கதையை ஆரம்பித்தால், துணி மடித்துக்கொண்டே "நாலு" என்பாள். அவனும் "நாலு வருஷத்துக்கு முன்னால" என்று சொல்லிவிட்டு மேலே போவான். கூடவே இருந்த அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், தலையில் அடித்துக்கொள்வாள். "இது வீடா, புரூஃப் ரூமா?" என்பாள்.

சரி, அந்த ஏழாம் இடத்தில் அப்படி என்னதான் சண்டை? மெஷினில் கணக்குப் போடும்போது ஏழு இலக்கத்தோடு நிறுத்த மாட்டார்கள். இன்னும் இரண்டு இலக்கம் கூடுதலாகப் போடுவார்கள். அந்தக் கூடுதல் இரண்டும் ஐம்பதுக்குக் கீழே என்றால் அப்படியே வெட்டிவிடலாம். மேலே என்றால் ஏழாம் இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஐம்பதை ஒட்டியே வந்து நின்றால்தான் தலைவலி. மூன்றா நான்கா என்று தெரியாது. இன்னும் சில இலக்கங்கள் தள்ளிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்த இடங்களுக்குச் சந்தேக இடம் என்று பெயர். கணக்கர்கள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அட்டவணைக்காரரிடம் தள்ளிவிடுவார்கள். முடிவு அவருடையது. அங்கே தப்பு நடந்தால் எந்தக் கப்பலும் மூழ்காது. ஒரு மயிரிழைதான் வித்தியாசம்.

ஆனாலும் ஏழாமிடத்துக்கு மனசு ஆறாது. யாரும் கேட்காமலே சந்தேக இடம் ஒவ்வொன்றையும் இன்னும் நாலு இலக்கம் தள்ளி, தானே ஒரு தடவை போட்டுப் பார்ப்பாள். அப்படிப் பார்க்கும்போது ஒவ்வொரு பதிப்பிலும் ஏழெட்டு இடத்தில் தப்பு இருக்கும். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் அட்டவணைக்காரரின் அழகான கையெழுத்தில் நான்கு உட்கார்ந்திருக்கும். 'பாவம், மனுஷனுக்கு வயசாகுது' என்று நினைத்துக்கொள்வாள். போய்ச் சொன்னால் அவர் முகம் வாடும். அதனால் முதல் புரூஃபிலேயே சிவப்புப் பென்சிலால் சத்தமில்லாமல் திருத்திக் கீழே அனுப்பிவிடுவாள். அட்டவணைக்காரர் புத்தகமாக வந்த பிறகு அட்டையைத் தடவிப் பார்ப்பாரே தவிர, உள்ளே பார்ப்பதில்லை. ஏழாமிடம் பார்த்தாயிற்று, அப்புறம் நான் எதற்கு என்று ஒரு நம்பிக்கை.

ஒரு நாள் காலையில் அவர் மாடி ஏறி வந்தார். கையில் புதுசாக ஒரு புத்தகம். ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு அச்சகம் போட்ட மடக்கை அட்டவணை. அதே ஏழு இலக்கம். அட்டை மட்டும் வேறு நிறம், விலையும் பாதி.

"நம்மளுது வெளிய வந்து அஞ்சு மாசம் ஆகல. அதுக்குள்ள இவங்க கணக்குப் போட்டுக் கிழிச்சுட்டாங்களாம்," என்றார். "அங்க ஒரு மெஷின்கூட இல்லம்மா. அப்பட்டமான காப்பி. அச்சகச் சங்கத்துல கேஸ் குடுத்துட்டேன்."

"எப்படி சார் நிரூபிப்பீங்க? எண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதானே. நம்ம புத்தகத்துலயும் அதான் இருக்கும், அவங்க புத்தகத்துலயும் அதான் இருக்கும்."

அட்டவணைக்காரர் ஒரு மாதிரி சிரித்தார். "ஆதாரம் இருக்கு. அன்னைக்கு வந்து பாருங்க, அவங்க முகத்துல ஈயாடாது." புத்தகத்தை அவள் மேஜையிலேயே போட்டுவிட்டு, விசில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் விசில் அடித்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

புத்தகம் என்று ஒன்று கண்ணெதிரே கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது. வழக்கம்போல் சந்தேக இடங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் இடத்தில் நான்கு. 'மூன்று இல்லையா இது?' என்று நினைத்தாள். அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. எல்லாமே அவள் தன் கையால் சிவப்புப் பென்சில் போட்ட இடங்கள். அவள் திருத்திய ஒவ்வொரு தப்பும் இந்தப் புத்தகத்தில் திருத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

காப்பியடித்தவன் கடையில் வாங்கிய புத்தகத்தைப் பார்த்து அடித்திருந்தால் திருத்திய எண்தான் இருக்கும். இவன் பார்த்து அடித்தது புத்தகத்தை அல்ல, அவள் திருத்துவதற்கு முந்தின முதல் புரூஃபை. எழுத்து மாறிப்போன சாதாரண அச்சுப் பிழைகளை அவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை; அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால் அச்சுப் பிழை துருத்திக்கொண்டு தெரியும். மயிரிழைத் தப்பு மட்டும் அந்தச் சல்லடையில் நிற்காது. முதல் புரூஃப் அவள் கைக்கு வருவதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒருவர் கையில். அந்த ஒருவர் அன்று காலைதான் அவளுடைய குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் கணவனைத் தனியாகப் பிடித்தாள்.

"முதல் புரூஃப வெளிய குடுத்தீங்களா?"

அவன் மறைக்கக்கூட இல்லை. "எது, அந்த மை அப்பினதா? ரெண்டு படி எடுத்தேன். அதுல ஒண்ணுல மை அப்பிருச்சு. குப்பைக்குப் போறதுதானேன்னு பைண்டருக்குக் குடுத்தேன்." பைண்டர் அவனுடைய பழைய சிநேகிதன், இப்போது மறுகோடி அச்சகத்தில் புத்தகம் தைக்கிறான்.

"எதுக்குக் கேட்டான்?"

"மாதிரிக்குன்னு கேட்டான். அங்க ஃபோர்மேன் வேலை காலியாகுதாம், என் பேரைச் சொல்றேன்னான். இங்க நான் சாகற வரைக்கும் கம்பாசிட்டர்தான், தெரியும்ல?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மேலே சொன்னான். "அப்படியே அடிச்சுட்டாலும்தான் என்ன இப்ப? ரெண்டோட மடக்கை யாரு அப்பன் வீட்டுச் சொத்து? அவரு கண்டுபிடிச்சாரா? அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே அது அவ்வளவுதான், செத்த பின்னாடியும் அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. கணக்கர்கள் இருவரும் பொழுதெல்லாம் கைப்பிடியைச் சுற்றித் தோள்பட்டை வீங்கி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். எண் யாருடையதும் இல்லைதான். அந்தத் தோள்வலி யாருடையது என்று கேட்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தாலும் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார் கேஸ் போட்டிருக்காரு. ஆதாரம் இருக்காம்."

"என்ன ஆதாரம்?"

"தெரியல."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவன், "உனக்குத் தெரிஞ்சத நீ வெச்சுக்கோ. அந்த ரெண்டாவது படியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. வேலை போச்சுன்னா இந்த ஊர்ல ஒரு அச்சகத்துலயும் என்னை உள்ள விட மாட்டாங்க," என்றான். அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"திறக்க மாட்டேன்," என்றாள் ஏழாமிடம்.

அச்சகச் சங்கத்தின் விசாரணை அதன் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, மடக்கு நாற்காலிகள், சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். நடுவராக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பேசுவது குறைவு, எழுதுவது அதிகம். மறுகோடி அச்சகத்துக்கு வாட்டசாட்டமாக ஒரு வக்கீல். அட்டவணைக்காரர் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது வக்கீல் எதற்கு என்று சொல்லிவிட்டார். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வர ஏழாமிடத்தை மட்டும் கூட்டி வந்திருந்தார்.

தன் முறை வந்ததும் சட்டைப்பைக்குள்ளிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றை எடுத்தார்.

"சரியான எண்ணு எல்லாருக்கும் பொதுங்க," என்றார் நடுவரிடம். "அதுல நான் சொந்தம் கொண்டாட முடியாது. தப்பான எண்ணு மட்டும்தான் எனக்கே எனக்குன்னு சொந்தம். அதனால ஒவ்வொரு பதிப்புலயும் ஏழெட்டு இடத்துல நானே வேணும்னு தப்பு வெப்பேன். யாருக்கும் நஷ்டம் வராது, மயிரிழைத் தப்பு. எந்த எந்த இடம்னு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதி முத்திரை வெச்சிருவேன். இவங்க புத்தகத்துல அதே இடத்துல அதே தப்பு இருந்தா, அது எங்கிட்ட திருடினதுதானே?"

ஏழாமிடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மனுஷனுக்கு வயசாகவில்லை. கண் மங்கவில்லை. அத்தனை வருஷமாக அவர் பொறி வைத்தபடி இருந்திருக்கிறார்; அத்தனை வருஷமாக அவள் அதைத் தேடித் தேடிப் பிடுங்கி எறிந்திருக்கிறாள்.

நடுவர் உறையைப் பிரித்தார். முதலில் மறுகோடிக்காரர்களின் புத்தகத்தைப் புரட்டினார். உறையில் எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் எழுதியிருந்த அதே தப்பு இருந்தது. அட்டவணைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அப்புறம் நடுவர் இவர்கள் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார். மூக்குக்கு மேலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"உங்க புத்தகத்துல இந்தத் தப்பு எதுவும் இல்லையே."

"இருக்கும், நல்லா பாருங்க," என்றார் அட்டவணைக்காரர்.

"நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். தன் புத்தகத்தை அவர் உண்மையில் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

வக்கீலுக்குச் சொல்லவா வேண்டும்? எழுந்தார். "உங்க புத்தகத்துல இல்லாத தப்ப எங்க ஆளுங்க எப்படிங்க காப்பி அடிப்பாங்க? நடந்தது இதுதான். எங்க புத்தகம் வந்த பிறகு உக்காந்து அதுல இருக்கற தப்ப எல்லாம் பொறுக்கி, ஒரு தாள்ல எழுதி, முத்திரைய வெச்சு எடுத்துட்டு வந்திருக்காரு. உறை யாரு மேஜையில இருந்துச்சு? அவரு மேஜையில. அரக்கு யாருது? அவருது. இதுக்குப் பேரு ஆதாரமா, மோசடியா?"

அறையில் இருந்த மற்ற அச்சகக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் லேசாகச் சிரித்தும்விட்டார். ஆயுள் முழுக்கப் பேர் கெடாமல் இருந்த மனிதர் புத்தகத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றோடு அவர் கதை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. கள்ள முத்திரை வைத்த ஆளின் அட்டவணையை யார் வாங்குவார்கள்?

ஏழாமிடம் எழுந்துவிட்டாள். "நான்தாங்க திருத்தினேன்."

எல்லோரும் திரும்பினார்கள். "சாருக்குத் தெரியாதுங்க. தப்புன்னு நெனச்சு முதல் புரூஃப்லயே நான் திருத்திட்டேன். முதல் புரூஃப் எங்க அலமாரியில இருக்கு. அதுல அந்தத் தப்பெல்லாம் அச்சுல இருக்கும், மேல என் சிவப்புப் பென்சில் இருக்கும்."

இவ்வளவு சொல்லலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இதோடு நிறுத்திக்கொண்டால் யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது. நடுவர் உடனே ஆளை அனுப்பி அந்த முதல் புரூஃபை எடுத்து வரச் சொன்னார். அலமாரிச் சாவி கம்பாசிட்டரிடம் இருந்ததை அவள் அப்போது யோசிக்கவில்லை. புரூஃப் கட்டைத் தூக்கிக்கொண்டு அவனே வந்து நின்றான். என்ன ஏதென்று தெரியாமல், அவளைப் பார்த்து ஒரு புன்னகைகூடச் செய்தான்.

நடுவர் தாள்களைப் பார்த்தார். தப்பும் இருந்தது, சிவப்பும் இருந்தது. அட்டவணைக்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. வக்கீல் விடுவாரா?

"இந்தத் தாள நேத்து ராத்திரிகூட அடிச்சிருக்கலாம். அச்சகம் அவங்களுது, எழுத்து அவங்களுது, பென்சிலும் அவங்களுது." அவனிடம் திரும்பினார். "நீங்கதானே இத கோத்தது? முதல் புரூஃப் எத்தனை படி எடுத்தீங்க?"

அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது.

"ஒண்ணுங்க."

"அந்த ஒண்ணு இதோ மேஜை மேல இருக்கு. அப்ப எங்க ஆளுங்க கைக்கு எது வந்துச்சு? இதே தாளு ரெக்கை முளைச்சுப் பறந்து வந்துட்டுப் போச்சா?" வக்கீல் சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள்.

நடுவர் பேனாவை எடுத்து, 'ஒன்று' என்று எழுத ஆரம்பித்தார். அவர் நிதானமாக எழுதுகிறவர். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. ஏழாமிடம் கணவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காலர் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். காலையில் தைக்க வேண்டும் என்று நினைத்து மறந்தது. அப்புறம் அட்டவணைக்காரரைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இந்த ஒன்று இப்படியே நின்றால் என்ன ஆகும், திருத்தினால் என்ன ஆகும் என்று இரண்டையும் கடைசி வரைக்கும் போட்டுப் பார்த்தாள். நேரம் இருந்தது. வேண்டிய அளவு இருந்தது. நடுவர் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார்.

"ரெண்டு," என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது படி எங்கே என்று கேட்டார்கள். மை அப்பியதையும் பைண்டருக்குக் கொடுத்ததையும் அவனே சொன்னான். சொல்ல ஆரம்பித்த பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை, ஃபோர்மேன் வேலை உட்பட. மறுகோடிப் புத்தகங்களைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி அழிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கடைசியில் நடுவர் அட்டவணைக்காரரையும் விட்டுவைக்கவில்லை. "தெரிஞ்சே தப்பான எண்ண விக்கறது எந்த ஊரு நியாயம்னு எனக்குத் தெரியல. உங்க ஆளு உங்களக் காப்பாத்திட்டாங்க," என்றார்.

வெளியே வராந்தாவில் அட்டவணைக்காரர் அவளிடம் வந்தார். ஜெயித்தவர் முகமாக இல்லை.

"எல்லாப் பதிப்புலயுமா திருத்தினீங்க?"

"எல்லாத்துலயும் சார்."

"ஒண்ணுகூட மிஞ்சல?"

"மிஞ்சியிருக்காது."

பெருமூச்சு விட்டார். இத்தனை வருஷம் வீட்டுக்குக் காவல் இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியவருக்கு, நாய் என்றைக்கோ செத்துப்போனது இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. "அவரை வேலையில வெச்சுக்க முடியாதும்மா," என்றார். "நீங்க நாளைக்கு வந்துருங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. அங்கே அழப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது பகல் இன்னும் மிச்சம் இருந்தது. இப்படி வெளிச்சத்தில் இருவரும் வீட்டில் இருந்து பழக்கமே இல்லை. விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நாத்தனார் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாம்மா. கட்டின புருஷன சபையில நிறுத்தி வெச்சுக் காட்டிக் குடுத்தியாமே? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அத முழுங்க முடியலையா உனக்கு?"

"அக்கா, விடு," என்றான் அவன்.

"எதுக்குடா விடணும்? நாளைக்கு எங்க போய் நிப்ப? எழுத்துக் கோக்கறதத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"அவ என்ன வேணும்னா சொன்னா? நீதான் டெய்லி பாக்கறியே. நான் ஒரு எண்ண மாத்திச் சொன்னா அவ வாயில தானா வரும். தூக்கத்துல சொன்னாகூட திருத்துவா." மணைப்பலகையில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான். "சாப்பாடு போடுங்க. பசிக்குது."

நாத்தனார் யோசித்தாள். அவள் கோபம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது. "அது என்னவோ நெசம்தான். அன்னைக்கு என் வயசச் சொல்றப்பகூட இவ சும்மா இருந்தாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஏழாமிடம் பரிமாறினாள். அவன் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வாய் தவறித்தானே வந்துச்சு?"

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். பேனா கீறின சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. தொங்கின பொத்தான் இன்னும் அவன் சட்டையில்தான் இருந்தது.

"என்னைப் பாத்துட்டே இருந்த. அதான் கேக்கறேன்," என்றான். "பழக்க தோஷம்தானே?"

அவன் முகத்தை நிமிர்த்தினான். வேலை போனதை அவன் தாங்கிக்கொள்வான். அவள் யோசித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்து, அவனைக் கைவிட்டாள் என்பதைத் தாங்க மாட்டான். அது அவளுக்கு அந்தக் கண்களில் தெளிவாகத் தெரிந்தது.

"ஆமாங்க," என்றாள். "பழக்க தோஷம்."

அவன் மூச்சை விட்டான். தோள் இறங்கியது. "அதான் நானும் சொன்னேன்," என்று ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டான். "நீயும் உக்காந்து சாப்பிடு."

அவள் உட்கார்ந்தாள். பின்னாளில் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், சொந்தக்காரர்கள் யார் வந்து குத்திக் காட்டினாலும், அவனும் நாத்தனாரும் போட்டி போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள். அவளும் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அந்த வீட்டில் அதுவே சரியான பதிலாகிவிட்டது.